மனைவி என்று நிறுவ எத்தனை காகிதங்கள்? முன்னாள் படைவீரரின் துணைவியும் குடும்ப ஓய்வூதிய உரிமையும்

தரைப்படையில் சுபேதாராக இருந்து 1984இல் ஓய்வுபெற்ற ஒருவர் 2001 ஜனவரியில் இறந்தார். அவரோடு வாழ்ந்து இரண்டு பிள்ளைகளைப் பெற்ற ஷிராமாபாய் குடும்ப ஓய்வூதியம் கேட்டார். படை ஆவணத்தில் அவர் பெயர் இல்லை. முதல் மனைவியின் பெயரே இருந்தது. முதல் மணம் 1990இல் முறிந்துவிட்டது. அதன்பின் கணவர் இறக்கும்வரை பத்தாண்டுகளுக்கு மேல் இருவரும் கணவன் மனைவியாகவே வாழ்ந்தார்கள். விசாரணை நீதிமன்றம் கொடுத்த உரிமையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் பறித்தது. உச்ச நீதிமன்றம் அதை 2023 ஆகஸ்டில் மீட்டுக் கொடுத்தது. நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்தவர்களைச் சட்டம் கணவன் மனைவி என்றே ஊகிக்கும், அதை மறுப்பவரே மெய்ப்பிக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். இறப்புக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே 22 ஆண்டுகள்.

அந்த 22 ஆண்டுகளில் அவர் கணவரின் படைப்பணியை யாரும் மறுக்கவில்லை. மறுக்கப்பட்டது அவர் மனைவி என்பது மட்டுமே. எங்களிடம் வரும் கோப்புகளிலும் சிக்கல் பெரும்பாலும் இந்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே இக்கட்டுரையில் ஓய்வூதிய விகிதங்களைச் சுருக்கமாகவும், மனைவி என்று நிறுவும் சுமையை விரிவாகவும் எழுதுகிறோம்.

நெய்வேலியில் இது ஏன் முக்கியம்

மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களில் முன்னாள் படைவீரர்களுக்கு 'சி' பிரிவுப் பணிகளில் 14.5 விழுக்காடும், 'டி' பிரிவுப் பணிகளில் 24.5 விழுக்காடும் ஒதுக்கீடு உண்டு. படையில் சிப்பாயாகவோ நாயக்காகவோ இருந்து நாற்பது வயதையொட்டி வெளியேறும் ஒருவருக்கு, 1956இல் தொடங்கப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் இரண்டாவது வாழ்க்கையாக அமைவது இப்படித்தான். அவர் இறக்கும்போது மனைவியின் கையில் ஒன்றல்ல, இரண்டு பணிகளின் உரிமைகள் வந்து சேர்கின்றன. படையின் குடும்ப ஓய்வூதியம் ஒருபுறம். நிறுவனத்தின் வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, 1995ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின்படி விதவை ஓய்வூதியம் ஆகியவை மறுபுறம். பணியில் இருக்கும்போதே இறந்திருந்தால் வைப்புநிதியோடு இணைந்த காப்பீட்டுத் தொகையும் சேரும். அதன் உச்சவரம்பு 7 லட்சம் ரூபாய்.

'ஒன்றை வாங்கினால் மற்றது கிடையாது' என்ற பேச்சு நகரியத்தில் இன்றும் உலவுகிறது. அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. படையிலிருந்து ஓய்வுபெற்று மத்திய அரசின் குடிமைப் பணியில் மீண்டும் சேர்ந்தவரின் மனைவி, இரண்டு குடும்ப ஓய்வூதியங்களில் ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று முன்னர் விதி இருந்தது. 2013 ஜனவரி 17ஆம் நாள் பாதுகாப்பு அமைச்சகம் பிறப்பித்த ஆணை அதை நீக்கி, 2012 செப்டம்பர் 24 முதல் இரண்டையும் பெற வழிசெய்தது. அதற்கு முன் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து மற்றதை விட்டவர்களும் அந்நாள் முதல் கேட்கலாம். ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின் விதவை ஓய்வூதியத்துக்கும் படைக் குடும்ப ஓய்வூதியத்துக்கும் இன்று முரண் ஏதுமில்லை. இதை எழுத்தில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். வாய்ப்பேச்சில் இழந்தவர்கள் ஏராளம்.

தலித் குடும்பத்துக்கு இவற்றின் எடை வேறு. சுரங்கத்துக்காக நிலம் எடுக்கப்பட்ட ஊர்களில் இழப்பீடு நிலத்தின் உரிமையாளருக்கே முதன்மையாகப் போகும். அந்த நிலத்தில் கூலிக்கு உழைத்தவருக்குக் கைகாட்டப் பட்டா இல்லை. அத்தகைய குடும்பத்தில் படைக்குப் போன ஒருவரின் ஓய்வூதியமே அவர்களுக்குச் சொத்து. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதாராக இருந்தவர். அம்பேத்கர் பிறந்ததே மாவ் படைமுகாமில்தான். படைப்பணியும் அதன் ஓய்வூதியமும் தீண்டப்படாதோர் குடும்பத்தில் ஒரு பிள்ளையின் படிப்புக்கு அடித்தளமானதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. தமிழகத்திலும் மதராஸ் சேப்பர்ஸ் பிரிவில் பறையர் சமூகத்தினர் பெருமளவில் பணியாற்றிய வரலாறு உண்டு. 'போர்க்குடி' என்ற பிரிட்டிஷ் கோட்பாடு அவர்களையும் மகர்களையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வாசலுக்கு வெளியே தள்ளப் பார்த்தது. மகர் படைப்பிரிவு 1941இல்தான் மீண்டும் உருவானது.

எவ்வளவு, எவ்வகை

படைக் குடும்ப ஓய்வூதியம் மூன்று வகை. இயல்பான மரணத்துக்குச் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம். இது கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு. 2016 ஜனவரி முதல் குறைந்த அளவு மாதம் 9,000 ரூபாய், அதோடு அகவிலை நிவாரணம். ஓய்வுக்குப் பிறகு இறந்தவரின் மனைவிக்கு முதல் ஏழு ஆண்டுகள், அல்லது கணவர் உயிரோடிருந்தால் 67 வயதை எட்டியிருக்கக்கூடிய நாள், இவற்றில் எது முந்தியதோ அதுவரை கூடுதல் விகிதம் உண்டு. 55 வயதில் இறந்தவரின் மனைவிக்கு ஏழு ஆண்டுகளும், 64 வயதில் இறந்தவரின் மனைவிக்கு மூன்று ஆண்டுகளும் இது கிடைக்கும். படைப்பணியால் விளைந்த, அல்லது அதனால் மோசமான நோயாலோ காயத்தாலோ மரணம் நேர்ந்தால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், 60 விழுக்காடு. போர்ச் சூழலுக்கு உரியதென வகைப்படுத்தப்பட்ட மரணங்களுக்குத் தாராளக் குடும்ப ஓய்வூதியம். அது கடைசி ஊதியம் முழுவதும்.

எந்த வகை என்பதை அலுவலகம் ஒரு சொல்லால் தீர்மானித்துவிடும். கட்டுப்பாட்டுக் கோட்டருகே பனிப்பகுதியில் 2013 ஜனவரியில் ரோந்துப் பணியில் இறந்த ஒரு நாயக்கின் மரணம் முதலில் 'போர்ச் சேதம்' எனப் பதிவானது. பின்னர் 'உடல்நலச் சேதம்' என்று மாற்றப்பட்டது. அந்த ஒரு சொல் மாற்றத்தால் மனைவி சரோஜ் தேவிக்குத் தாராளக் குடும்ப ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்றபிறகும் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2024 டிசம்பர் 3ஆம் நாள் மேல்முறையீட்டைத் தள்ளிய நீதிபதிகள், அப்பெண்ணை நீதிமன்றத்துக்கு இழுத்திருக்கவே கூடாது என்று சொல்லி, அவருக்கு 50,000 ரூபாய் செலவுத்தொகையும் தர ஆணையிட்டனர். நோயால் இறந்தவர்களின் குடும்பங்கள் 2013ஆம் ஆண்டின் தரம்வீர் சிங் தீர்ப்பைக் கையில் வைத்திருக்க வேண்டும். சேரும்போது பதிவாகாத நோய் பணியில்தான் வந்தது என்று கொள்ள வேண்டும், அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு படையினுடையது என்கிறது அது.

ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின் குறைந்த அளவு 2014 முதல் மாதம் 1,000 ரூபாய். அதற்கு அகவிலை நிவாரணமும் கிடையாது. இதை ஓய்வூதியம் என்று அழைக்கவே எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அதையும் கேட்டுப் பெற வேண்டும்.

பதினைந்து ஆண்டு நிறைவதற்கு முன் படையிலிருந்து வெளியேறி, ஓய்வூதியமே பெறாத சிப்பாய்களின் மனைவியர் இன்னொரு வகை. அவர்களுக்குக் குடும்ப ஓய்வூதியம் வராது. 65 வயது கடந்த, ஹவில்தாரும் அதற்குக் கீழும் உள்ள நிலையினரின் விதவைகளுக்கு மத்திய சைனிக் வாரியத்தின் வறுமை உதவித்தொகை உண்டு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

பெயர் எங்கே இருக்கிறது

முதலில் பார்க்க வேண்டியது ஓய்வூதியக் கொடுப்பாணை, எல்லோரும் சொல்லும் பி.பி.ஓ. அதில் மனைவியின் பெயர் இருந்தால் இறப்புச் சான்றோடும் விண்ணப்பத்தோடும் வேலை முடிந்துவிடும். இன்று பெரும்பாலும் பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஸ்பர்ஷ் இணைய அமைப்பின் வழியே இது நடக்கிறது. குடும்ப ஓய்வூதியத்துக்கு அந்நிலையில் வட்டாட்சியரின் வாரிசுச் சான்று தேவையில்லை. கணவர் இறந்த நாள்வரை அவருக்கு வரவேண்டியிருந்த நிலுவைக்கு நியமனம் இல்லாவிட்டால்தான் அது வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, வாரிசுச் சான்று இல்லாமல் எதுவும் நகராது என்று சொல்பவரிடம் அந்த விதி எங்கே இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

பழைய பி.பி.ஓ.க்களில் மனைவி பெயர் இல்லாமலிருப்பது உண்டு. அப்போது கணவர் இருந்த படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்குப் போக வேண்டும். மதராஸ் படைப்பிரிவினருக்கு அது குன்னூரை அடுத்த வெலிங்டன். திருமணம் பணிக்காலத்தில் அறிவிக்கப்பட்டிருந்தால் 'பகுதி இரண்டு ஆணை' என்ற பதிவில் அது இருக்கும். அதன் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். இதற்கெல்லாம் திறவுகோல் கணவரின் படை எண். டிஸ்சார்ஜ் புக் தொலைந்தாலும் எண் தொலையக் கூடாது.

திருமணமே ஓய்வுக்குப் பிறகு நடந்தது என்றால்? பகவந்தி வழக்கில் 1989இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது: ஓய்வுக்குப் பின் மணந்த துணையைக் குடும்பம் என்ற சொல்லிலிருந்து வெளியேற்ற முடியாது.

பெயர் மாறுபாடு வேறொரு தொல்லை. வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், படை எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய மூன்றாவது பெயர். இவை அனைத்தும் ஒருவரையே குறிக்கின்றன என்ற உறுதிமொழிப் பத்திரமும், தேவையானால் அரசிதழ் அறிவிப்பும் இதைத் தீர்க்கும். ஆனால் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களில் இது வெறும் எழுத்துப்பிழை அல்ல. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் சேரிகளில் கோயிலில் வைத்த பெயர் ஒன்றாகவும், சாதிச் சான்றில் உள்ள பெயர் வேறாகவும் வாழும் குடும்பங்கள் உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, மதம் மாறிய தலித்தைக் கிறிஸ்தவர் என்ற காரணத்தாலேயே பட்டியலிலிருந்து நீக்கியது. இரு பெயர் வாழ்க்கை அந்த ஆணை விளைவித்தது. கணவர் இறந்தபின் பங்குக் கோயிலின் திருமணப் பதிவேட்டை அலுவலகத்தில் கொடுத்தால் பிள்ளைகளின் சாதிச் சான்று போய்விடுமோ என்று அந்தப் பெண் அஞ்சுகிறார். அந்த அச்சம் கற்பனை அல்ல. புதுச்சேரியைச் சேர்ந்த செல்வராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் எடுத்த நிலைப்பாட்டைப் படித்தவர்களுக்கு அது தெரியும். அத்தீர்ப்போடு எங்களுக்கு உடன்பாடில்லை. அதைத் தனியே எழுத வேண்டும்.

இங்கே சொல்ல வேண்டியது இதுதான்: குடும்ப ஓய்வூதியத்துக்குச் சாதியோ மதமோ தகுதி அல்ல. மனைவி என்பதே தகுதி. படை ஆவணத்தில் பெயர் இருந்தால் மேற்கொண்டு திருமணச் சான்று கேட்க வேண்டிய தேவை எழுவதில்லை. பெயர் இல்லாதபோது மட்டும் எந்தச் சான்றைக் கொடுப்பது என்பதை வழக்கறிஞரோடு அமர்ந்து முடிவு செய்யுங்கள். எக்காரணம் கொண்டும் புதிதாக ஒரு பொய்ச் சான்றை உருவாக்காதீர்கள். அதனால் பிறகு வரும் இழப்பு பெரிது.

சடங்கு இல்லாத் திருமணம், உறவினர் மறுக்கும் திருமணம்

சுயமரியாதைத் திருமணம் 'செல்லாது' என்று சொல்லும் எழுத்தர் இன்னும் இருக்கிறார். இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு அரசு 1967ஆம் ஆண்டின் திருத்தத்தால் சேர்த்த 7ஏ பிரிவின்படி புரோகிதரும் தீவலமும் இன்றி, மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ செய்த திருமணம் முழுமையானது. நாகலிங்கம் எதிர் சிவகாமி வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. 2023இல் இளவரசன் வழக்கில், அத்திருமணத்தைப் பொதுவில் அறிவித்துச் செய்ய வேண்டும் என்பதும் கட்டாயமில்லை என்று தெளிவாக்கியது. ஒரு எச்சரிக்கை: 7ஏ பிரிவு இந்துத் திருமணச் சட்டத்துக்கு உட்பட்ட இருவருக்கே பொருந்தும். ஒருவர் கிறிஸ்தவர் என்றால் சிறப்புத் திருமணச் சட்டமோ 1872ஆம் ஆண்டின் கிறிஸ்தவத் திருமணச் சட்டமோதான் வழி. தமிழ்நாட்டில் 2009 நவம்பர் முதல் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம். ஆனால் பதிவு செய்யாததாலேயே ஒரு திருமணம் இல்லாமல் போய்விடாது.

கடினமானது சாதி கடந்த திருமணம். ஆதிக்க சாதியைச் சேர்ந்த முன்னாள் படைவீரர் தலித் பெண்ணோடு நகரியக் குவார்ட்டர்ஸில் இருபது ஆண்டுகள் வாழ்ந்திருப்பார். அவர் வீட்டார் ஒருநாளும் வந்திருக்க மாட்டார்கள். அவர் இறந்ததும் முதலில் வருவது அவர்களே. கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையில் 'அவர் மணமாகாதவர்' என்று வாக்குமூலம் கொடுப்பார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய கெடு ஒருபுறம் ஓடிக்கொண்டிருக்கும். ஆதார், வங்கிக் கணக்கு, எரிவாயு அட்டை எல்லாம் அந்த வட்டத்து முகவரியில் இருக்கும். காலி செய்தபின் வரும் அலுவலகக் கடிதங்கள் திரும்பிப் போகும். ஆகவே குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டு ஆணை, நிறுவன மருத்துவமனையின் குடும்பப் பதிவு, பிள்ளைகளின் பள்ளிச் சான்று ஆகியவற்றின் நகல்களை வெளியேறும் முன் எடுத்துவிட வேண்டும். கணவர் தம் கையால் 'மனைவி' என்று எழுதிய ஒவ்வொரு படிவமும், சேர்ந்து வாழ்ந்ததால் எழும் சட்ட ஊகத்துக்கு வலுச் சேர்க்கும். முன்னர் சாட்சியச் சட்டத்தின் 114ஆம் பிரிவிலும் இப்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 119ஆம் பிரிவிலும் இந்த ஊகத்துக்கு இடமுண்டு. வட்டாட்சியர் மறுத்தால் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்கீழ் உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகை வழக்குப் போடலாம்.

பட்டியல் சாதியினர் அல்லாத ஒருவர், தலித் பெண்ணுக்குக் கேடு விளையும்படி அரசு ஊழியருக்குப் பொய்த் தகவல் தந்து அவர் அதிகாரத்தைப் பயன்படுத்த வைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(க்யூ) பிரிவின்கீழ் குற்றம். உறவினரின் பொய் வாக்குமூலத்துக்கு இப்பிரிவைப் பயன்படுத்த எங்களில் பலரே தயங்குகிறோம். தயங்கத் தேவையில்லை. எழுத்தில் உள்ள வாக்குமூலமும் அது பொய் என்பதற்கான ஆவணமும் கையில் இருந்தால் போதும்.

உயில் இருக்கிறது என்று மைத்துனர் ஒரு தாளைக் காட்டினால் அஞ்ச வேண்டாம். 1980ஆம் ஆண்டின் ஜோத் சிங் தீர்ப்பும், 1991ஆம் ஆண்டின் வயலட் ஐசக் தீர்ப்பும் குடும்ப ஓய்வூதியம் இறந்தவரின் சொத்தே அல்ல என்கின்றன. அது விதிகள் நேரடியாக மனைவிக்குத் தரும் உரிமை. அதை உயிலால் வேறொருவருக்கு எழுத முடியாது. வைப்புநிதியும் பணிக்கொடையும் அப்படியல்ல. அவற்றில் நியமனம் யார் பெயரில் என்பது பணம் யார் கையில் முதலில் போகும் என்பதைத் தீர்மானிக்கும்.

இரண்டு பெண்கள் நிற்கும் வழக்குகளில் நாங்கள் எவர் பக்கமும் எளிதில் நிற்க முடிவதில்லை. முதல் மணம் சட்டப்படி நீடிக்கும்போது செய்த இரண்டாவது மணம் செல்லாது. அப்பெண்ணுக்கு ஓய்வூதியம் இல்லை, ஆனால் பிள்ளைகளுக்கு உண்டு என்று ராமேஸ்வரி தேவி வழக்கில் 2000இல் தீர்ப்பானது. வெஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் நிலக்கரி நிறுவன ஊழியர் ஒருவர் இறந்த வித்யாதரி வழக்கில், 2008இல் உச்ச நீதிமன்றம் சற்று நியாயமான வழி கண்டது. நான்கு பிள்ளைகளின் தாயும் நியமனம் பெற்றவருமான இரண்டாவது பெண்ணிடம் வாரிசுரிமைச் சான்றைக் கொடுத்து, முதல் மனைவிக்கு ஐந்தில் ஒரு பங்கைக் காத்தது. கைவிடப்பட்ட முதல் மனைவியும் பெரும்பாலும் ஏழைப் பெண்ணே என்பதை மறந்து வழக்காடுவது எங்களுக்கு ஒப்பவில்லை. ஷிராமாபாய்க்கு வழி திறந்தது 1990ஆம் ஆண்டின் மணமுறிவுதான். பஞ்சாயத்தில் 'தீர்த்துவிட்ட' மணங்களுக்கு அந்த வழி எளிதில் திறக்காது. வழக்கப்படியான மணமுறிவு அச்சமூகத்தில் நிலவுகிறது என்பதைத் தனியே மெய்ப்பிக்க வேண்டும்.

மறுமணம் பற்றியும் ஒரு சொல். வீரப் பதக்கத்துக்கான மாதத் தொகை, இறந்தவரின் சகோதரனை மணந்தால் மட்டுமே விதவைக்குத் தொடரும் என்ற விதி 2017 நவம்பர்வரை இருந்தது. பெண்ணைக் குடும்பச் சொத்தாகக் கண்ட விதி அது, இப்போது இல்லை. பிள்ளையில்லாத விதவை மறுமணம் செய்தாலும், சொந்த வருமானம் குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியத்தைத் தாண்டாதவரை, 2006 முதல் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் தொடரும்.

எங்கே போவது

மறுப்பு எழுத்தில் வந்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. 2007ஆம் ஆண்டுச் சட்டம் வாரிசுகளையும் சார்ந்தோரையும் உள்ளடக்கியே அதை அமைத்தது. இறுதி ஆணையிலிருந்து ஆறு மாதம் என்பது காலவரம்பு. தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். தீர்ப்பாயம் தவறினால் உயர் நீதிமன்றத்தின் பேராணை அதிகாரம் உண்டு என்பது 2023ஆம் ஆண்டின் பர்ஷோத்தம் தாஸ் தீர்ப்புக்குப்பின் ஐயமற்றது. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி 1987ஆம் ஆண்டின் சட்டத்தின் 12ஆம் பிரிவு தந்த உரிமை. 2025 ஜூலையில் தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் படைவீரர் குடும்பங்களுக்கென 'வீர் பரிவார் சகாயதா' என்ற தனித் திட்டத்தையும் தொடங்கியிருக்கிறது.

கடனுக்கு ஈடாக ஓய்வூதியக் கணக்கின் ஏ.டி.எம். அட்டையை வட்டிக்காரரிடம் கொடுத்தவர்கள் அதைத் திரும்பக் கேட்கலாம். 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டப்படி ஓய்வூதியத்தை ஜப்தி செய்யவும் முடியாது, வரப்போகும் ஓய்வூதியத்தைப் பிறருக்கு எழுதிக் கொடுப்பதும் செல்லாது. கூலி வேலையால் விரல்ரேகை தேய்ந்து ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்று தர முடியாமல் ஓய்வூதியம் நின்றுபோனவர்களுக்கு, கைப்பேசியில் முகத்தைக் காட்டிச் சான்று பெறும் வசதி 2021 முதல் இருக்கிறது.

கணவர் இறந்து பத்து, பதினைந்து ஆண்டு கழித்து வருபவர்களிடம் 'காலம் கடந்துவிட்டது' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அது பாதி உண்மைதான். ஓய்வூதிய மறுப்பு மாதந்தோறும் புதுப்பிக்கப்படும் தொடர் தவறு. எனவே உரிமை சாகாது. ஆனால் நிலுவை பொதுவாக வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கே கிடைக்கும் என்று, 1983இல் படையிலிருந்து வெளியேற்றப்பட்ட தர்செம் சிங்கின் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. கணவர் 2010இல் இறந்து, மனைவி 2026 ஜனவரியில் மனு போட்டால் நிலுவை 2023 ஜனவரியிலிருந்துதான். மனு ஒரு மாதம் தள்ளிப்போனால் நிலுவையில் ஒரு மாதம் குறையும்.